கொல்லிப்பாவையும் போக்கிமானும்: பழைய பூதங்களுக்குப் புது உடம்பு தேவையா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் தெளிந்ததும் பார்ப்பதற்கு நிறைய உண்டு: அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி, செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாமல் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் பெயர் அடிபடும் ஒருத்தியும் இந்த மலையில் இருக்கிறாள். கொல்லிப்பாவை.

பூதங்களைப் பிடித்துச் சேர்க்கும் பழைய வீடியோ கேம்களை இன்றைய கருவிகளுக்கு ஏற்ப ரீமேக் செய்யலாமா, கூடாதா என்று உலகம் முழுக்க ஒரு சண்டை நடந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சண்டைக்கு ஜப்பானை விடக் கொல்லிமலையில் நல்ல பதில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும் (அந்த 70 வளைவு மாதிரி).

இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை இது. முனிவர்கள் தவம் செய்ய அமைதியான இடம் தேடிக் கொல்லிமலைக்கு வருகிறார்கள். அசுரர்கள் அங்கேயும் வந்து தொல்லை கொடுக்கிறார்கள். அவர்களைச் சமாளிக்க அழகான ஒரு பெண் பதுமை செய்து நிறுத்தப்படுகிறது. அசுரர் வாடை பட்டதும் பதுமை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் திரும்ப மாட்டான். இன்றைய மொழியில் சொன்னால் சென்சார் வைத்த ரோபோ! மலையில் கோயில் கொண்டிருக்கும் எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று மக்கள் வணங்குகிறார்கள்.

சங்கப் பாடல்களைப் புரட்டினால் ஆளே வேறு. நற்றிணை 201ல் பரணர் காட்டும் பாவை யாரையும் கொல்லவில்லை. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே கிளர்ந்து அதிர்ந்தாலும் தன் அழகு குலையாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். குறுந்தொகையில் பரணரும் (89) கபிலரும் (100) காதலியின் அழகைச் சொல்லத்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். அவளைச் செய்தது யார் என்பதில்கூட ஒரே பேச்சு இல்லை. தெய்வம் எழுதியது என்கிறது ஒரு பாட்டு, பூதம் சமைத்தது என்கிறது நற்றிணை 192. இந்தப் பாட்டுகளில் அசுரரும் இல்லை, ஆளைக் கொல்லும் சிரிப்பும் இல்லை.

ஆனால் நற்றிணை 185ல் ஒரு காதலன் வருகிறான். கொல்லிப்பாவை போன்ற அவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாளே என்று புலம்புகிறான். காதலில் விழுந்தவன் எந்தக் காலத்திலும் பேசுகிற பேச்சுதான் இது. இருந்தாலும் இது போன்ற மிகைகள் நூற்றாண்டுகளாக உருண்டு திரண்டுதான் ஆள்கொல்லிப் பாவை பிறந்திருப்பாளோ என்று ஊகிக்க இடமிருக்கிறது. மலையின் பெயரிலேயே 'கொல்' இருப்பதும் கதை கட்டுகிறவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும்.

ரசிகனின் மிகை ஒன்று அடுத்த பதிப்பில் இடம் பிடிப்பது வீடியோ கேம் உலகத்துக்கும் பழக்கமானதுதான். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய் கருவிக்காகப் போக்கிமான் சிவப்பும் பச்சையும் வெளிவந்தன. உருவாக்கியவர் சதோஷி தாஜிரி. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். (பூதத்தை ஆளாக்கிக்கொள்ளும் யோசனை அதற்கு முன்பே உண்டு. 1987ல் வந்த மெகாமி டென்செயில் பூதத்தோடு பேரம் பேசிக் கூட்டாளியாக்கலாம். அந்த வரிசையில் சிவனும் காளியும் விநாயகரும்கூட வருவார்கள்!) போக்கிமானில் மொத்தம் 151 உருவங்கள். கடைசி உருவமான மியூவை, வேலையெல்லாம் முடிந்தபின் மிச்சமிருந்த துளி இடத்தில் ஒரு புரோகிராமர் சொருகி வைத்தார். சாதாரணமாக ஆடினால் அது கையில் சிக்காது.

சிக்காதென்றால் விடுவார்களா பிள்ளைகள்? துறைமுகத்தில் ஒரு லாரி நிற்கிறது, அதைத் தள்ளினால் அடியில் மியூ இருக்கும் என்று ஒரு வதந்தி கிளம்பி நாடு நாடாகப் பரவியது. சுத்தப் பொய். லாரி வெறும் அலங்காரம். ஆனால் 2004ல் வந்த ரீமேக்கில் (ஃபயர்ரெட், லீஃப்கிரீன்) லாரி அதே இடத்தில் நின்றது, அதன் பக்கத்தில் தேடினால் ஒரு தின்பண்டம் கிடைத்தது. மியூ இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் நம்பித் தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். நல்ல ரீமேக் என்பது இதுதான். விளையாட்டோடு சேர்த்து, அதை ஆடியவர்கள் கட்டிய கதையையும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. கொல்லிமலை மக்களும் பாவையை இப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

2009ல் வந்த ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் இதிலும் ஒரு படி மேல். 1999ல் வந்த மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேம்பட்ட பதிப்பான கிரிஸ்டலில் இருந்தவற்றையும் சேர்த்து, பிடித்த போக்கிமான் நம் பின்னாலேயே நடந்து வரும்படியும் செய்தார்கள். இன்றும் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுவது இதைத்தான். எதிர்க்கோடியில் 2021ல் வந்த பிரில்லியன்ட் டைமண்ட். படத்தைப் பளபளப்பாக்கியதோடு சரி, 2008லேயே பிளாட்டினம் பதிப்பு செய்திருந்த திருத்தங்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது.

எல்லோரும் போட்டுக் குழப்புகிற ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. தமிழ் சினிமாக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1964ல் வந்த 'கர்ணன்' 2012ல் டிஜிட்டலில் துடைத்துத் திரும்ப வெளியிடப்பட்டது. 1980ன் 'பில்லா' 2007ல் வேறு நடிகர்களோடு புதிதாக எடுக்கப்பட்டது. முதலாவது படி எடுத்தல். இரண்டாவது மறு ஆக்கம். இரண்டும் இரண்டு வேலைகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்துவிட்டதாகச் சொல்லக்கூடாது.

கொல்லிப்பாவை விஷயத்தில் இரண்டு வேலையும் நடந்தன. மலையில் கதை மாறிக்கொண்டே போயிற்று. கீழே சமவெளியில் யார் யாரோ ஓலைச்சுவடி நைந்து போவதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை, சலிப்பூட்டும் வேலை. பாவை சிரித்தால் நன்றாயிருக்கும் என்று அவர்கள் பாட்டில் கை வைக்கவில்லை. அந்த ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரை எழுதிய நற்றிணை 1915ல் அச்சானது. குறுந்தொகையும் அதே ஆண்டில் சௌரிப்பெருமாள் அரங்கனாரால் அச்சேறியது. இவர்கள் இல்லையென்றால் இன்று நமக்குக் கொலைகாரப் பதுமை மட்டும்தான் தெரிந்திருக்கும். இடி விழுந்தாலும் அசையாமல் நின்ற அந்தப் பழைய பெண் இருந்த தடயமே இருந்திருக்காது.

கேம் நிறுவனங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பழைய கார்ட்ரிட்ஜில் நாம் ஆடியதைச் சேமித்து வைத்திருப்பது ஒரு சின்ன பேட்டரி. அது செத்தால் வருடக்கணக்கில் பிடித்து வளர்த்த அத்தனையும் போயிற்று. 1999ன் கோல்ட், சில்வரில் கடிகாரம் வேறு அதே பேட்டரியில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் போகும். பழைய சிவப்பையும் கோல்டையும் மாற்றமில்லாமல் 3டிஎஸ் கருவிக்கு விற்ற இணையக் கடையில் 2023 மார்ச் 27 முதல் எதையும் வாங்க முடியாதபடி செய்தார்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதே 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது.

கேம்பாயைக் கண்ணாலேயே பார்க்காமல், கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டுப் போக்கிமான் ஆடிய நம்மூர்ப் பிள்ளைகள் பலர் உண்டு. சட்டப்படி அது சரியா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் ஓலையைப் பெயர்த்தெழுதும் வேலையை உரிமையாளர் செய்யாதபோது வேறு யாரோ செய்யத்தான் செய்வார்கள்.

ஆகவே ரீமேக் வரட்டும், தாராளமாக வரட்டும். லாரிக்குப் பக்கத்தில் தின்பண்டமும் வைக்கட்டும். அதைச் சாக்கிட்டுப் பழையதைப் பூட்டி வைக்காமல் இருந்தால் போதும்.

பெயர்த்தெழுதும் கை ஓய்ந்த இடத்தில் என்ன ஆகும் என்பதும் நம்மிடமே இருக்கிறது. பரிபாடலின் 70 பாட்டுகளில் முழுதாகக் கிடைப்பவை 22. நற்றிணையின் 400ல் 234ஆம் பாட்டு சுவடிகளில் இல்லை, 385க்குப் பின்பகுதி இல்லை. அந்த வரிகளில் பாவை எங்காவது நின்றிருந்தாளா, ஒருவேளை சிரித்தும் வைத்தாளா, யாருக்குத் தெரியும்!