அறுந்த கண்ணியும் தொடர்ந்த தலைமுறையும்

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் ஆலயத்தில் வாசிக்கப்படுகையில், பெயர்கள் எப்போது முடியும் என்று நம்மில் பலர் பொறுமையோடு காத்திருக்கிறோம். அப்பெயர்களுக்குள் ஒரு மக்களினம் மீட்டெடுக்கப்பட்ட வரலாறு புதைந்து கிடப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மத்தேயு தலைமுறைகளை மூன்றாக வகுக்கிறார்: ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டது வரை, அங்கிருந்து கிறிஸ்து வரை. குலப்பெருமை பேசுவோர் தோல்வியை மறைப்பர். நற்செய்தியாளரோ தோல்வியையே எல்லைக் கல்லாக நடுகிறார். குறிப்பேடு முதல் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்களை நிறைக்கும் பெயர்களும் நாடு கடத்தலுக்குப் பின் தொகுக்கப்பட்டவையே. யாவும் இழந்து திரும்பிய மக்கள், முன்னோரின் பெயர்களை எண்ணியே தாங்கள் யார் என்பதை மீண்டும் கண்டுகொண்டனர்.

நம் மதுரைத் திருச்சபையும் இத்தகைய முறிவைக் கண்டதுதான். 1606-ல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். 1693-ல் புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். வீரமாமுனிவர் 1747 வரை தமிழோடு வாழ்ந்து மறைந்தார். 1773-ல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தபோது அந்தச் சங்கிலி அறுந்தது. குருக்கள் அரிதாகிவிட்ட அக்காலத்தில் உபதேசியார்களும் எளிய குடும்பங்களும் செபங்களைக் காத்து நின்றனர். 1814-ல் ஏழாம் பத்திநாதர் சபைக்கு மறுவாழ்வு அளித்தார். 1837-ல் பிரான்சிலிருந்து வந்த நான்கு குருக்களில் ஒருவரான பெர்த்ரான் அடிகளார், பின்னாளில் பழைய மறைப்பணியாளர்களின் கடிதங்களைத் தேடித் திரட்டி, 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மீண்டு வந்தோர் முன்னோரைத் தேடினர். இதுவும் ஒரு தலைமுறை அட்டவணைதானே!

எனினும் தலைமுறை அட்டவணை விலக்கவும் வல்லது. தங்கள் பெயர் ஏட்டில் காணப்படாத குருகுலத்தார் சிலர் பணியினின்று விலக்கப்பட்டனர் என எஸ்ரா நூல் கூறுகிறது. நம் மண்ணிலும் குலக்கணக்கு ஆலயத்திற்குள் நுழைந்தது. உயர்குலத்தாரிடையே நொபிலி சந்நியாசியாக உழைத்தார். பிறரிடையே பணியாற்ற 1640-ல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியானார். எல்லாரையும் சென்றடைய வகுத்த வழியே, பிரிவினைக்கும் இடம் கொடுத்தது. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையும் சுவர் பிரித்ததை நாம் அறிவோம்.

மத்தேயுவின் அட்டவணையோ அத்தகைய சுவர்களைத் தகர்க்கிறது. கானானியப் பெண் இராகாபும் மோவாபியப் பெண் ரூத்தும் அதில் இடம்பெறுகின்றனர். அதன் இறுதிக் கண்ணி இன்னும் வியப்புக்குரியது. ஆபிரகாமிலிருந்து வழிவழியாக வந்த இரத்த உறவு யோசேப்போடு நின்றுவிடுகிறது. இயேசு தாவீதின் மகனானது யோசேப்பு அவரை ஏற்றுப் பெயரிட்டதனாலேயே. தேம்பாவணியில் வீரமாமுனிவர் 'வளன்' என்று போற்றிய அந்த நீதிமான், குலம் என்பது ஏற்றுக்கொள்ளுதலே என்று வாய் திறவாமலே காட்டினார்.

நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளும் அவ்வழியில் வந்தவையே. அங்கே பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் எழுதப்படுகிறது; இரத்தத்தால் அன்று, அருளால் வந்த உறவுக்கு அது சான்று. அந்த ஏட்டில் அருகருகே எழுதப்பட்டோர் பந்தியிலும் கல்லறையிலும் பிரிந்து கிடந்தால், நம் நாடு கடத்தல் இன்னும் முடியவில்லை என்றே பொருள். அடுத்த முறை அப்பெயர்கள் வாசிக்கப்படுகையில், நம் வீட்டுத் தலைமுறையில் யாருடைய பெயரை விட்டுவிட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.