முத்துக் குளித்தோர் சரித்திரம்

மேற்குமலை அடிவாரத்தில் கண்மாய் நீரையும் கிணற்று நீரையும் நம்பிப் பயிர் செய்யும் நம் கான்சாபுரத்தார்க்குக் கடல் அயலானது. ஆயினும் நவமணிகளுள் ஒன்றாகிய முத்து பிறந்தது நமக்குத் தென்கிழக்கேயுள்ள தூத்துக்குடிக் கடலிலேயாம். உயிரைப் பணயம் வைத்து அதனை எடுத்தளித்த பரதவர் சரித்திரம் நாம் அறியத்தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு முத்தெடுத்தனர் என்று கூறும். அத்தொழிலின் கொடுமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ? 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாமீனை மந்திரத்தாற் கட்டுவோர்க்கும் சென்றதென எழுதினர்.

குளிக்கும் முறை எளிது, ஆனால் அரிது. கயிற்றிற் கட்டிய கல்லின்மீது கால் ஊன்றி, மூச்சடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் சிப்பிகளை வலைப்பையில் வாரிக் கயிற்றை அசைப்பர். மேலே இருப்பவன் உடனே இழுத்தல் வேண்டும். தாமதித்தால் உயிர் போம். தன் தங்கையைக் கைம்பெண்ணாக்க எவனும் துணியான் ஆதலின், கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்பது அக்கரையோர் வழக்கு.

பலன் யார்க்குச் சென்றது? ஆங்கிலேயர் காலத்தில் மன்னார்க் கடலின் இலங்கைக் கரையில் எடுத்த சிப்பிகளுள் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்தது. எஞ்சிய ஒரு பங்கிலேயே படகுடையாரும் கயிறு பிடிப்போரும் கூறு பெற்றனர். அரசாங்கத்தார் தம் பங்கைத் திறவாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டனர்; உள்ளே முத்துண்டோ இல்லையோ என்பது வாங்கியவர் பாக்கியம்.

இத்தகைய மாந்தர் பிறநாட்டிலும் உளர். பிலிப்பைன், இந்தோனேசியக் கடல்களில் தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாகக்கொண்டு மூழ்கிப் பிழைத்த பட்ஜாவ் இனத்தார்க்கு மண்ணீரல் தம் அயலாரினும் ஏறத்தாழப் பாதியளவு பெரிதென 2018ஆம் வருஷத்து ஆராய்ச்சியொன்று கண்டது. தொழில் உடம்பிலேயே ஊறுவது இங்ஙனம்.

தூத்துக்குடியில் பெருமுத்துக்குளிப்பு 1961ஆம் வருஷத்தோடு நின்றது. 1973இல் அங்கேயே விஞ்ஞானிகள் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினர். முத்து மீண்டும் பிறந்தது. மூழ்கியோர் அறிவோ மறைகின்றது.

அரசர் பெயர் கல்லில் உளது. மூழ்கினோர் பெயர் எங்கே? அன்பர்காள்! நம் முதியோர் கைத்தொழிலறிவை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக. நம் சரித்திரத்தை நாமே எழுதாவிடின் வேறு யார் எழுதுவர்?