நடவுக் கூட்டத்தில் மனத்தாங்கல்

காவிரிப் படுகையில் நெல் நாற்று நடும் பெண்களிடையே வேலையின்போது எழும் கோபதாபங்களையும், அவற்றை அவர்களே ஆற்றிக்கொள்ளும் வழக்கங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நடவு தொடரும்.

மனத்தாங்கல் பெரும்பாலும் கூலியில் பிறக்கிறது. ஒரு மாவுக்கு, அதாவது 100 குழிக்கு, இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, வந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொண்டால், கை மெதுவானவர் மீது மற்றவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். எல்லாரும் குனிந்தபடி பின்னோக்கி நகர்வார்கள். ஒருவர் பிந்திவிட்டால் அவருக்கு இரு பக்கமும் பயிர் நிற்கும். முதுகுக்குப் பின்னால் மட்டும் வெறும் சேறு கிடக்கும். வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அது உடனே படும். அப்போது பக்கத்தில் நடுபவர் நிமிராமல், ஒன்றும் சொல்லாமல், தன் நாற்றுக் குத்துகளோடு அவருடைய இரண்டு குத்துகளையும் சேர்த்து நட்டுவிடுவார். உதவியை வாய்விட்டுச் சொல்லாததே இதில் பெரிய விஷயம். சொன்னால் பிந்தியவர் கூனிக்குறுகிப் போவார்.

பெயர் சொல்லி அழைப்பது குறைவு. பெரியம்மா, அத்தாச்சி, அண்ணி என்று முறை வைத்தே கூப்பிடுவார்கள். அண்ணியிடம் சண்டை போடலாம், பேச்சை அறுத்துக்கொள்வதுதான் கடினம். நடவுப் பாட்டும் கைகொடுத்தது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நேரே கேட்க முடியாததைச் சாடையாகப் பாடலாம், பாட்டிலேயே பதிலும் வாங்கலாம்.

நிலவுடைமையாளரான மிராசுதார் முன் பண்ணையாட்கள் அடங்கி நின்றதை இந்த வழக்கங்களோடு சேர்க்கக் கூடாது. பண்ணையாள் முறையில் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய விவசாயிகள் இயக்கம் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்துக்கு வழி வகுத்தது; 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் கூலிப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பண்ணையாட்களின் இந்த அடக்கத்தை உணர்ச்சி உழைப்பு என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காக முகத்தில் சிரிப்பைத் தக்கவைத்துக்கொள்வதை உணர்ச்சி உழைப்பு என்றார். பண்ணையாளின் மௌனத்துக்குச் சம்பளம்கூடக் கிடையாது. அடிக்குப் பயந்து மூடிய வாய் அது. அதைப் பொறுமை என்று எழுதுவது அநியாயம்.

இப்போது நடவு இயந்திரங்களும் மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆட்களும் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றனர். இயந்திரம் விட்டுப்போன இடங்களை நிரப்பவே பல வயல்களில் உள்ளூர்ப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு மூலையில் நிற்கும்போது பாட்டு எடுக்க ஆளில்லை. பக்கத்தவர் குத்தை நட்டுக் கொடுக்கப் பக்கத்தில் யாருமில்லை.