மூடா நீர்ப்பாசனம்: ஒரு வாய்க்கால், இரு கருத்துகள்



கெடா நம் நாட்டின் நெற்களஞ்சியம் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அக்களஞ்சியம் நிரம்பிய வரலாற்றையும் உடன் சொல்வது நலம்.

1885-ஆம் ஆண்டில் கெடாவின் முதலமைச்சர் வான் முகமது சமான், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் நோக்கிப் பெரியதொரு கால்வாயை வெட்டத் தொடங்கினார். அது சதுப்பு நிலத்தின் மிகுநீரை வடித்து வயல்களை உருவாக்கியது. எனினும் உழவர்கள் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே பயிரிட்டனர்.

இந்நிலையை மாற்ற, 1960-களில் உலக வங்கியின் கடனுதவியோடு மூடா நீர்ப்பாசனத் திட்டம் உருவானது. மூடா, பெடு அணைகள் சுரங்கவழியால் இணைக்கப்பட்டன. 1970 முதல் சுமார் 96,000 ஹெக்டேர் பரப்பில் படிப்படியாக இருபோக சாகுபடி பரவியது.

இத்திட்டத்தைப் பற்றி இரு கருத்துகள் எழுந்தன. தண்ணீர்ப் பற்றாக்குறையே வறுமைக்குக் காரணம். அணை கட்டினால் வறுமை நீங்கும் என்பது திட்டமிட்டோர் கருத்து. தொடக்கத்தில் அது மெய்யானது. விளைச்சல் பெருகியது; நடவுக்கும் அறுவடைக்கும் ஆண்டுக்கு இருமுறை கூலி கிடைத்தது.

ஆனால் இரு போகங்களுக்கிடையே கால இடைவெளி குறுகியதால் அறுவடையை விரைந்து முடிக்க வேண்டியதாயிற்று. 1970-களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கின. அக்காலத்தில் கெடாவின் ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், இருதரப்பின் பேச்சையும் 1985-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். ஆட்கள் போதவில்லை, இயந்திரமே நேரத்தைக் காக்கிறது என்றனர் வசதி படைத்தோர். எங்கள் கூலியை இயந்திரம் பறித்துவிட்டது என்றனர் நிலமற்றோர்.

அணைநீரும் வற்றாத செல்வமன்று. 1978-ஆம் ஆண்டின் வறட்சியால் இரண்டாம் போகமே கைவிடப்பட்டது. சேமிப்பு உள்ளவர் அடுத்த பருவம்வரை காத்திருக்கலாம்; அன்றாடக் கூலியை நம்பியவர் அவ்வாறு காத்திருக்க இயலுமா?

ஒருதரப்பு எவ்வளவு நீர் என்று கணக்கிட்டது; மறுதரப்பு அந்நீரால் யாருக்குப் பயன் என்று வினவியது. இரண்டும் நியாயமான வினாக்களே. முதல் வினாவுக்கு அணை விடையளித்தது. இரண்டாவதற்கு அணையால் விடையளிக்க இயலவில்லை.

வரலாற்றுப் பாடத்தில் அணையின் பெயரையும் ஆண்டையும் மனனம் செய்விப்பதோடு நில்லாமல், இவ்விரு வினாக்களையும் நம் பிள்ளைகள் முன் வைப்போம். அவர்களே சிந்தித்து விடை கூறட்டும்.