ஒரே நாள், இரண்டு எதிர்ப்புகள்: அழகிப் போட்டியும் ஏழாம் விதியும்

அழகிப் போட்டி தேவையா என்று கேட்டால் நம் தோழர்கள் பலரும் யோசிக்காமல் சொல்வார்கள்: பெண்ணைச் சரக்காக்கும் முதலாளித்துவக் கூத்து. நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அமெரிக்காவில் 1968இல் நடந்ததைப் படித்த பிறகு, அந்தப் பதில் சரிதான், ஆனால் பாதிதான் என்று தோன்றியது.

அட்லாண்டிக் சிட்டி ஒரு கடற்கரை நகரம். கோடை முடிந்த பிறகும் சுற்றுலாக் கூட்டம் கலையாமல் இருக்க, அங்குள்ள வணிகர்கள் 1921இல் தொடங்கியதுதான் மிஸ் அமெரிக்கா போட்டி. பிறகு அதற்கு எழுத்தில் விதிகள் வந்தன. ஏழாம் விதி, போட்டியிடும் பெண் நல்ல உடல்நலம் உள்ளவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. 1945இல் பெஸ் மையர்சன் என்ற யூதப் பெண் பட்டம் வென்றார். யூதப் பெயர் என்று தெரியாதபடி பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வென்ற பிறகு விளம்பரம் தரவேண்டிய நிறுவனங்கள் அவரை விட்டு விலகிக்கொண்டன.

1950 வாக்கில் ஏழாம் விதி ஏட்டிலிருந்து போனது. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் போட்டியாளராக அந்த மேடையில் நிற்க 1970 வரை ஆனது. தீண்டாமையைச் சட்டம் ஒழித்த பிறகும் தேநீர்க்கடையில் தனிக்குவளை இருந்ததை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1968 செப்டம்பர் 7. போட்டி நடந்த அரங்குக்கு வெளியே பெண்ணியவாதிகள் திரண்டார்கள். ஓர் ஆட்டுக்கு முடிசூட்டினார்கள். உள்ளாடை, குதிகால் செருப்பு, பொய் இமைகள் எல்லாவற்றையும் ஒரு குப்பைத்தொட்டியில் வீசினார்கள். உள்ளாடைகளைக் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை சொல்லப்படுவது கட்டுக்கதை. அவர்களுடைய துண்டறிக்கை பத்துக் குற்றச்சாட்டுகளை அடுக்கியது. அவற்றில் ஒன்று நிறவெறி.

அதே நாளில், அதே நகரத்தின் இன்னொரு விடுதியில், வேறொரு போட்டி நடந்தது. பெயர் மிஸ் பிளாக் அமெரிக்கா. ஜே. மாரிஸ் ஆண்டர்சன் என்ற கறுப்பினத் தொழில்முனைவர் நடத்தினார். சுருள்முடியை நீட்டிக்கொள்ளாமல் இயல்பாக விட்டிருந்த சான்ட்ரா வில்லியம்ஸ் என்ற கல்லூரி மாணவி பட்டம் வென்றார்.

ஒரு கூட்டம் இந்த மேடையே வேண்டாம் என்றது. இன்னொரு கூட்டம் எங்களைத் தள்ளிவைத்த மேடையை நாங்களே போடுகிறோம் என்றது. யார் சொன்னது சரி?

1927இல் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் குடித்தார். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் நாம் செத்துவிடப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். நாமும் மனிதர்கள் என்று நிறுவுவதே நோக்கம். 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்தியவரும் அவரே. சில ஆண்டுகளில் அதைக் கைவிடச் சொன்னவரும் அவரே. கதவைத் திறக்கக் கேட்பது உரிமை. உள்ளே போகவேண்டுமா என்பது நம் முடிவு. தடுக்கப்படாதவர் ‘எனக்கு வேண்டாம்’ என்பதும், தடுக்கப்பட்டவர் ‘எனக்கு வேண்டாம்’ என்பதும் ஒன்றல்ல.

ஆனால் கதவு திறந்தால் போதுமா? 1983இல் வனெஸா வில்லியம்ஸ் முதல் கறுப்பின மிஸ் அமெரிக்கா ஆனார். கொலை மிரட்டல்கள் வந்தன. வெளிர்ந்த நிறம் என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று கறுப்பினத்தவரே சிலர் பேசினார்கள். அவர் சம்மதமின்றி ஒரு பத்திரிகை அவரது பழைய நிர்வாணப் படங்களை வெளியிட முன்வர, 1984 ஜூலையில் பட்டத்தைத் துறக்க வைத்தார்கள். அமைப்பு அவரிடம் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டது 2015இல். ஆள் மாறினார், அளவுகோல் மாறவில்லை.

மாணவத் தோழர்களே, அழகிப் போட்டியால் பெண்களுக்கு நன்மையா தீமையா என்று பட்டிமன்றம் நடத்துங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அளவுகோலைச் செய்தது யார், யாரை அளந்து செய்தார்கள்? ‘சிவப்பான மணமகள் தேவை’ என்ற விளம்பரத்திலும், ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்ற நம் வீட்டுப் பேச்சிலும் இருப்பது அதே ஏழாம் விதிதான். அதை எடுக்க எந்த அமைப்பின் ஒப்புதலும் நமக்குத் தேவையில்லை.

ஜெய்பீம்.