கோலாருக்கு இருமுறை வந்த மின்சாரம்

மாறுதிசை மின்னோட்டம் வென்றது, நேர்திசை மின்னோட்டம் தோற்றது என்றே மின்னியல் வரலாறு பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. பெங்களூரையும் அதன் அண்டைப் பகுதிகளையும் கொண்டு நோக்கினால் அம்முடிவு நிலைபெறவில்லை.

1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. ஏறத்தாழ 147 கி.மீ. நீண்ட அப்பாதை அன்றைய உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று. திட்டத்திற்கு வித்திட்ட திவான் கே. சேஷாத்ரி ஐயர் அதைக் காணாமலே 1901-இல் மறைந்தார். 1905-இல் பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்குகள் எரிந்தன. சிவனசமுத்திரத்திலிருந்து வந்தது மாறுதிசை மின்னோட்டம். மின்னழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் அதற்கு மின்மாற்றி இருந்தது. நேர்திசைக்கு அத்தகைய எளிய கருவி அன்று இல்லை.

நூறாண்டுகளுக்குப் பின், 2003-இல், ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலாருக்கு மீண்டும் தொலைதூர மின்சாரம் வந்தது. 1,400 கி.மீ.க்குச் சற்று நெருங்கியோ மிகுந்தோ நீளும் அப்பாதையின் தொடக்கத் திறன் 2,000 மெகாவாட், மின்னழுத்தம் ±500 கிலோவோல்ட், இம்முறை நேர்திசை. தென்மண்டல மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 வரை நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்தியங்கவில்லை. ஒத்தியங்காத தொகுப்புகளைப் பெரும்பாலும் நேர்திசை இணைப்பாலேயே பிணைக்கின்றனர்.

கோலாரில் அம்மின்சாரத்தை மாறுதிசைக்குத் திருப்புபவை தைரிஸ்டர் கன்வெர்ட்டர்கள். பெருந்திறனைத் தாங்கும் அவற்றின் இழப்பு, நிலையம் ஒன்றுக்கு நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆனால் தைரிஸ்டரைத் தொடக்கலாம். நினைத்த கணத்தில் நிறுத்த இயலாது. அது அணைய, எதிர்ப்புறத் தொகுப்பின் மின்னழுத்தம் உறுதியாக இருத்தல் வேண்டும். ஐ.ஜி.பி.டி. போன்ற சாதனங்களை விரும்பியவாறு நிறுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறை இயக்கி நிறுத்தும்போதும் ஆற்றல் விரயமாகிறது. சிக்கனமும் கட்டுப்பாடும் ஒரே சாதனத்தில் எளிதில் அமைவதில்லை.

கலப்பு அமைப்புகள் இவ்விடத்தில்தான் பிறந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. கோபகுமாரின் குழு, பெரிய மோட்டார்களை இயக்கும் இன்வெர்ட்டர்களில் இவ்வழியை நெடுங்காலம் ஆராய்ந்தது. 2015-இல் வெளியான அவர்களின் 17 படிநிலை இன்வெர்ட்டரில், மிதக்கும் மின்தேக்கி கொண்ட முதற்கட்டம் பெரிய மின்னழுத்தத்தைத் தாங்குகிறது. அதனோடு தொடராக இணைந்த எச்-பாலங்கள் சிறிய மின்னழுத்தங்களைக் கூட்டியும் கழித்தும் அலைவடிவைச் செம்மையாக்குகின்றன. ஒரே வெளியீட்டைப் பல இணைப்பு வழிகளில் பெறலாம். அவற்றுள் தக்கதைத் தேர்ந்து மின்தேக்கிகளைச் சமநிலையில் வைப்பதே கட்டுப்பாட்டின் பணி.

மின்செலுத்தத்திலும் இப்பணிப் பகிர்வு இன்று காணப்படுகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூர் வரும் ±800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் பாதை தைரிஸ்டரை நம்புகிறது. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும், 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2,000 மெகாவாட் இணைப்போ ஐ.ஜி.பி.டி. வழியில் இயங்குகிறது.

சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகப் பெருக, தைரிஸ்டர் சார்ந்திருக்கும் உறுதியான தொகுப்பு அரிதாகும். ஆகவே எந்த மின்னோட்டம் வென்றது என்பதினும், ஒன்றை மற்றொன்றாகக் குறைந்த இழப்பில் மாற்றும் ஆற்றல் எவ்வாறு வளர்ந்தது என்பதே மாணவர்கள் கேட்கத்தக்க வினா.