கடலைச் சேரும் நெகிழி: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நெகிழி எனப்படும் பிளாஸ்டிக் மட்கி மண்ணோடு கலப்பதில்லை. வெயிலாலும் அலையாலும் நொறுங்கிச் சிறு துகள்களாக மாறுகிறது. அவற்றில் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை நுண்நெகிழி எனப்படும். உலகெங்கும் ஆண்டுதோறும் 1.9 கோடி முதல் 2.3 கோடி டன் வரையிலான நெகிழிக் கழிவு ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றில் சேர்வதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டுள்ளது. நோயாளி உள்ள வீடுகளிலிருந்து வெளியேறும் ஊசி, குழாய், திரவப் பை, டயாப்பர் ஆகியவையும் முறையாக அகற்றப்படாவிட்டால் இக்கழிவுடன் சேர்கின்றன. சிகிச்சைக்குத் தடையின்றி இதைத் தவிர்க்கும் வழிகளை இப்பக்கம் விளக்குகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நெகிழி கடலை அடைவது எவ்வாறு?

கடற்கரையில் காணப்படும் குப்பை அனைத்தும் அங்கேயே போடப்பட்டது அன்று. செங்கல்பட்டு நகரின் கொளவாய் ஏரி நிரம்பினால் உபரிநீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றை அடைகிறது. பாலாறு வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. வடக்கே பக்கிங்காம் கால்வாயும் ஏரிகளின் உபரிநீரும் முட்டுக்காடு முகத்துவாரத்தின் வழியாகக் கடலைச் சேர்கின்றன. கோடையில் கால்வாயில் தேங்கிய குப்பையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை கடலுக்கு அடித்துச் செல்கிறது. எனவே கடலிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் வாழ்பவரின் வீட்டுக் குப்பையும் மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் ஒதுங்கக்கூடும்.

உடல்நலத்திற்கு என்ன பாதிப்பு?

உறுதியாக அறியப்பட்டவை:

• தூக்கி எறியப்பட்ட குவளை, பை, டயர் ஆகியவற்றில் தேங்கும் நன்னீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு உற்பத்தியாகிறது.
• நெகிழியால் வடிகால் அடைபட்டால் கழிவுநீர் தெருவில் தேங்கும். வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் பரவ அது வழிவகுக்கும்.
• நெகிழியை எரிக்கும்போது எழும் புகை ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்களின் நிலையை மோசமாக்கும். பி.வி.சி. வகை எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுப்பொருளும் உண்டாகிறது.
• குப்பையில் கலந்த ஊசி, தூய்மைப் பணியாளரின் கையில் குத்தி ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி போன்ற தொற்றுகளை உண்டாக்கக்கூடும்.

ஆய்வில் உள்ளவை: மனித இரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலும் நுண்நெகிழி கண்டறியப்பட்டுள்ளது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை சிகிச்சையில் அகற்றிக்கொண்ட 257 நோயாளிகளை இத்தாலிய மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்து, 2024 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 58 விழுக்காட்டினரின் கொழுப்புப் படிவில் நெகிழித் துகள் இருந்தது. அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே அன்றி, நெகிழியே காரணம் என மெய்ப்பிக்கவில்லை. இதயநோய் உள்ளவர்கள் இச்செய்தியால் அஞ்ச வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் புகையிலையை விடுவதுமே இன்றும் முதன்மையான பாதுகாப்பு.

மீன் உண்ணலாமா?

உண்ணலாம். மீன் நல்ல புரதம் தரும் உணவு. நெகிழிக்கு அஞ்சி அதைக் கைவிடத் தேவையில்லை. மீன் விழுங்கும் துகள்களில் பெரும்பகுதி அதன் குடலில் தங்குகிறது. ஆகவே குடலை முழுமையாக நீக்கி, நன்கு கழுவிச் சமைத்தால் உட்கொள்ளும் அளவு குறையும். நெத்திலி போன்ற சிறுமீன்களிலும் தலையையும் குடலையும் கிள்ளி அகற்றுவது நல்லது. சிறுநீரக நோயாளிகளும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவாட்டைத் தவிர்க்க வேண்டும். அதற்குக் காரணம் அதிலுள்ள உப்பு.

எதைக் குறைக்கலாம்? எதைக் குறைக்கக் கூடாது?

தமிழ்நாட்டில் 14 வகையான ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. மருந்து மற்றும் மருத்துவக் கருவிகளுக்கான நெகிழி உறைகளுக்கு இத்தடையிலிருந்து விலக்கு உண்டு.  அப்பொருள்களைப் பயன்படுத்திய பின் முறையாக அகற்றுவது நம் பொறுப்பு.

குறைக்கக் கூடாதவை:

• இன்சுலின் சிரிஞ்சு, ஊசி, சிறுநீர்க்குழாய், டயாலிசிஸ் பை ஆகியவற்றைக் கழிவைக் குறைக்கும் நோக்கில் மருத்துவர் கூறியதற்கு மேல் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் ஊசியை மற்றவர் பயன்படுத்தவே கூடாது.
• மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்துச் சேமிக்காதீர்கள். ஈரமும் ஒளியும் மருந்தின் ஆற்றலைக் குறைக்கலாம். பெயரும் காலாவதி நாளும் தெரியாமல் போகும்.

குறைக்கக் கூடியவை:

• மாதந்தோறும் மருந்து வாங்க வரும்போது துணிப்பையைக் கொண்டு வாருங்கள். இன்சுலின் குப்பிகளுக்குச் சிறு பிளாஸ்க் போதும். பனிக்கட்டி குப்பியை நேரடியாகத் தொடக் கூடாது.
• உள்நோயாளிக்குக் கஞ்சி, தேநீர், குழம்பு வாங்க எவர்சில்வர் தூக்கு பயன்படுத்துங்கள். சூடான உணவை நெகிழிப் பையில் வாங்காதீர்கள்.
• படுக்கையில் உள்ளவருக்கு உறிஞ்சுகுழாய்க்கு மாற்றாகப் பாலாடையோ மூக்குள்ள குவளையோ உதவும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு எது பாதுகாப்பானது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் மருத்துவக் கழிவை அகற்றுவது எப்படி?

2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு, காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி ஆகியவற்றை வீட்டுத் தீங்குக் கழிவு என வகைப்படுத்தின. இவற்றை மட்கும் குப்பையுடனோ மட்காத குப்பையுடனோ கலக்கக் கூடாது.

ஊசி: பயன்படுத்தியவுடன் மூடியைத் திரும்பப் பொருத்தாமல், ஊசி துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, ஒட்டுநாடா சுற்றி, "ஊசி, கவனம்" என எழுதுங்கள். தூய்மைப் பணியாளரிடம் தெரிவித்துத் தனியாக ஒப்படையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அங்குப் பெற்றுக்கொள்வார்களா என்றும் செவிலியரிடம் கேளுங்கள்.

டயாலிசிஸ் பை: வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் வெளியேறிய திரவத்தை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கியிருந்தால் அது வயிற்றுச் சவ்வுத் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். பையை எறியாமல் அதனுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தெளிவாக இருந்தால் திரவத்தைக் கழிப்பறையில் ஊற்றி, வெற்றுப் பையையும் குழாயையும் உறையிலிட்டுக் கட்டித் தனியாக ஒப்படையுங்கள்.

டயாப்பர், நாப்கின்: செய்தித்தாளில் நன்கு சுற்றித் தனியே கொடுங்கள். கழிப்பறையிலோ கால்வாயிலோ போடாதீர்கள்.

இவற்றில் எதையும் வீட்டில் எரிக்காதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிலேயே சேவை பெறுபவர்கள், ஐயமிருந்தால் வருகை தரும் பணியாளரிடம் கேட்கலாம்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். காயத்தைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இயன்றவரை 2 மணி நேரத்திற்குள், தவறினால் 72 மணி நேரத்திற்குள் தொடங்கப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி, தடுப்பாற்றல் ஊசி மூலம் தவிர்க்கக்கூடியது.

கூட்டு முயற்சி ஏன் தேவை?

கடற்கரைத் தூய்மைக்கு நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவளம் கடற்கரை 2021 ஆம் ஆண்டு நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. ஆயினும் ஒரு கரையை மட்டும் காத்தால் போதாது. 2021 மே மாதம் கொழும்பு அருகே தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து நெகிழி மணிகள் கடலில் பரவின. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபின் அத்தகைய மணிகள் தமிழகத்தின் தென்கரையிலும் ஒதுங்கின. நெகிழி மாசுக்கு எதிரான உலக உடன்படிக்கையை உருவாக்க 2022 மார்ச் மாதம் நாடுகள் தீர்மானித்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சு உடன்பாடின்றி முடிந்தது. உடன்படிக்கை வரும்வரை உள்ளூரில் செய்யக்கூடியவை பல உள்ளன.

• கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் நடைபெறுகிறது. வீட்டு மருத்துவக் கழிவைத் தனியாகச் சேகரிக்க நாளும் இடமும் குறிக்குமாறு கோரலாம். நகரப் பகுதியில் வார்டு உறுப்பினரை அணுகலாம்.
• ஒரே தெருவில் இன்சுலின் பயன்படுத்துவோர் பலர் இருந்தால், மகளிர் சுய உதவிக் குழுவின் துணையுடன் ஊசி டப்பாக்களைச் சேர்த்து ஒரே நாளில் ஒப்படையுங்கள்.
• பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திற்குள், தெரு வடிகாலையும் ஏரி வரத்துக் கால்வாயையும் தூர்வார உள்ளாட்சி அமைப்பிடம் கேளுங்கள். கால்வாயில் அகற்றும் குப்பை கடலைச் சேராது.
• கடற்கரைத் தூய்மைப் பணிக்குச் செல்பவர்கள் மூடிய காலணியும் தடித்த கையுறையும் அணியுங்கள். ஊசியைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து டப்பாவில் போடுங்கள். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள், ஆறாத புண் உள்ளவர்கள், தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் மணலில் இறங்கிக் குப்பை எடுக்க வேண்டாம். அவர்கள் வீட்டில் தரம் பிரிப்பதே பெரும் பங்களிப்பு.

உடல்நல ஐயங்களுக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள். உங்கள் சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுங்கள்.